காலி பாட்டிலுக்குக் கணக்கு யார் காட்டுவது? – கோலி சோடா முதல் பெட் பாட்டில் வரை

முன்னுரை

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடவோலை முறைதான். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. காலம் கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்க வேண்டும், தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும், ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற குழுக்களில் ஓராண்டு வேலை பார்த்தார்கள்.

அந்தக் கல்வெட்டில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது! பொதுச்சொத்தைக் கையில் எடுத்தவன் கடைசியில் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அவ்வளவு கண்டிப்பு.

இந்தக் கட்டுரை குடவோலையைப் பற்றியது அல்ல. குளிர்பான பாட்டிலைப் பற்றியது. ஆனால் அந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாட்டிலின் வரலாறு சுலபமாகப் புரியும். தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் காலி பாட்டில் கிடக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்பும் ஜனங்கள் சோடாவும் கலரும் குடித்தார்கள். அப்போது ஏன் இப்படிக் கிடக்கவில்லை? கண்ணாடி நல்லது, பிளாஸ்டிக் கெட்டது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான்.

பாட்டிலுக்கு முன்பு

பாட்டில் வருவதற்கு முன்பும் வெயில் இருந்தது, தாகமும் இருந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. பதநீர் இறக்குகிறவர் அதைப் பனை ஓலையில் மடித்த பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். குடித்து முடித்ததும் பட்டையைத் தூக்கி எறிந்தால் ஆடு மாடு தின்னும், இல்லையென்றால் மண்ணோடு மண்ணாகும். இளநீருக்கு அதன் ஓடே பாத்திரம். தண்ணீர்ப் பந்தலில் மண்பானையும் ஒரு சொம்பும் இருக்கும். மோருக்கும் அதே கதைதான்.

இதில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டை மாதிரி ஒருமுறை உபயோகித்துவிட்டு எறிந்தாலும் மண்ணுக்குக் கெடுதல் செய்யாதது. இன்னொன்று, சொம்பு மாதிரி எறியவே படாமல் திரும்பத் திரும்ப உபயோகப்படுவது. பிற்காலத்தில் வந்த நல்ல பேக்கேஜிங் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்ததுதான்.

ஆனால் பதநீரை ஓலைப் பட்டையில் வைத்து வெளியூருக்கு அனுப்ப முடியாது. சில மணி நேரத்தில் புளித்துவிடும். கேஸ் அடைத்த தண்ணீரோ திறந்து வைத்தால் நிமிடத்தில் செத்துவிடும். அடைத்து வைக்க ஏதாவது வேண்டும். அங்கேதான் பாட்டில் வருகிறது.

கோலி வந்த கதை

தண்ணீரில் கரியமில வாயுவைக் கரைக்கும் முறையை 1767-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தார். 1783-ல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக ஆக்கினார். பெரிய தலைவலியாக இருந்தது மூடிதான். தக்கை போட்டு அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும், கேஸ் போய்விடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்கட்டும் என்று, நிற்க வைக்கவே முடியாத முட்டை வடிவ பாட்டில்களைக்கூடச் செய்து பார்த்தார்கள்.

1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்து காப்புரிமை வாங்கினார். தனியாக மூடியே வேண்டாம், பாட்டிலின் கழுத்துக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால் கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே அதை ரப்பரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திறக்க வேண்டுமென்றால் கோலியை உள்ளே ஒரு அமுக்கு, அவ்வளவுதான். ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம்.

சுற்றுச்சூழலைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. ஆனால் இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. இந்த பாட்டிலில் எறிவதற்கு எதுவுமே இல்லை! மூடி, லேபிள், ஸ்ட்ரா எதுவும் கிடையாது. ரப்பர் வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் சின்னப் பையன்கள் கோலிக்காக பாட்டிலை உடைத்தார்கள். அதனால்தான் பழைய காட் பாட்டில்கள் அங்கே அரிதாகிவிட்டன. ஜப்பானில் இதே பாட்டில் ராமுனே என்ற பானமாக இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் வடக்கே பண்டா என்றார்கள். தமிழ்நாட்டில் அது கோலி சோடா.

சோடா வண்டியும் டெபாசிட்டும்

தமிழ்நாட்டில் கோலி சோடாவின் பெயரோடு அடிக்கடி சேர்த்துச் சொல்லப்படும் ஊர் வேலூர். அங்கே 1924-ல் கண்ணுசாமி முதலியார் தொடங்கிய நிறுவனம் கோலி சோடாவைப் பிரபலமாக்கியது. அதற்கு முன்பே 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் பொவன்டோ என்ற பானத்தால் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பெயர் அது.

ஆனால் சோடா என்பது பெரிய கம்பெனிகளின் தொழில் மட்டுமாக இருக்கவில்லை. ஒரு சின்ன அறை, பாட்டில்களை வைத்துச் சுற்றும் ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், சில நூறு பாட்டில்கள்... இவை இருந்தால் போதும், தாலுகா ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு சோடா கம்பெனி நடத்தலாம். காலையில் மரப்பெட்டியில் அடுக்கி சைக்கிளிலோ மூன்று சக்கர வண்டியிலோ பெட்டிக்கடைகளுக்குப் போகும். மாலையில் அதே வண்டி காலி பாட்டிலோடு திரும்பும். மேடையில் பேசும் தலைவருக்குப் பக்கத்தில் சோடா இருக்கும். கூட்டத்தில் தகராறு வந்தால் அதே சோடா பாட்டில் பறக்கும். அந்தக் கெட்ட பெயரும் அதற்கு உண்டு!

வண்டி ஏன் காலி பாட்டிலைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டு போனது? அன்பினால் அல்ல. பாட்டிலுக்குள் இருந்த சோடாவைவிட பாட்டிலின் விலை பல மடங்கு அதிகம்.

வணிகவியல் பாஷையில் சொன்னால் அந்த பாட்டில் ஒரு செலவு அல்ல, ஒரு சொத்து. ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். (இது புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே தவிர எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல.) ஒரு கண்ணாடி பாட்டில் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 முறை நிரப்பினால் ஒரு முறைக்கு 40 பைசா. கழுவவும் திருப்பிக் கொண்டுவரவும் 60 பைசா ஆனாலும் மொத்தம் ஒரு ரூபாய்தான். அதே பாட்டில் மூன்றே தடவையில் தொலைந்துபோனால்? பாட்டிலுக்கு மட்டும் தடவைக்கு 4 ரூபாய். சோடாக்காரர் கடனாளி ஆகிவிடுவார்.

அதனால் பாட்டில் திரும்பி வருவதற்கு அவர் எல்லா ஏற்பாட்டையும் செய்துகொண்டார். கடைக்காரரிடம் பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கினார். கடைக்காரர், "குடிச்சிட்டு பாட்டிலை வச்சிட்டுப் போங்க" என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் பாட்டிலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கேஸ் கேஸாக கலர் இறக்கினால், மறுநாள் பாட்டிலை எண்ணித் திருப்பிக் கொடுக்கும் வரை நிம்மதி இருக்காது. எத்தனை போனது, எத்தனை வந்தது, எத்தனை உடைந்தது என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு இருந்தது.

ஏரிக்கரையில் பாட்டில் கிடக்காததற்குக் காரணம் இதுதான். மக்களுக்கு அன்றைக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அதிகம் என்றெல்லாம் இல்லை. காலி பாட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவர் கணக்குக் கேட்டார்.

தகர மூடி போட்ட பாட்டில்கள்

அடுத்து வந்தது கிரவுன் மூடி. 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கிய தகர மூடி இது. சோடா மூடி என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடியது இதைத்தான். மெஷினில் வேகமாக அடைக்கலாம், பாட்டிலைக் கழுவுவதும் சுலபம். கோலி பாட்டிலின் குறுகிய கழுத்துக்குள் பிரஷ் நுழைவது கஷ்டம். சுத்தமாக இருக்காது என்ற குறை கோலி சோடாவுக்கு எப்போதும் உண்டு. அந்தக் குறையில் உண்மையும் உண்டு.

கோல்ட் ஸ்பாட், லிம்கா, கோக்க கோலா, பொவன்டோ எல்லாம் கிரவுன் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் வந்தன. 1977-ல் ஜனதா அரசின் காலத்தில் கோக்க கோலா இந்தியாவை விட்டுப் போனது. அந்த இடத்தில் தம்ஸ் அப், கேம்பா கோலா, அரசாங்கமே தயாரித்த டபுள் செவன் எல்லாம் வந்தன. பானம் மாறியது, கம்பெனி மாறியது, பாட்டில் மட்டும் மாறவில்லை. கண்ணாடியில் போய்க் கண்ணாடியில் திரும்பி வந்தது.

1993-ல் கோக்க கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கியது. அப்போதும் கிராமத்துச் சந்தையைப் பிடிக்க அதற்குக் கண்ணாடி பாட்டில்தான் தேவைப்பட்டது. 2003 வாக்கில் 200 மில்லி கோக்கை ஐந்து ரூபாய்க்கு விற்றார்கள். அமீர்கான் விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாட்டில் திரும்பி வந்ததால்தான் அந்த விலை கட்டுபடியானது. கண்ணாடி என்றால் பணக்காரர்களுக்கான பேக்கேஜிங் என்று இன்றைக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. வரலாறு நேர்மாறாக இருக்கிறது. திரும்பி வரும் கண்ணாடிதான் ஏழைகளின் விலைக்கு ஒத்துவந்தது.

பெட் பாட்டில் வந்தது

அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் வேலை பார்த்த நத்தானியல் வையத் என்ற பொறியாளர், கேஸ் அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலை உருவாக்கி 1973-ல் காப்புரிமை பெற்றார். பாலி எத்திலீன் டெரிப்தாலேட், சுருக்கமாக பெட். உடையாது, எடை ரொம்பக் குறைவு. கண்ணாடி பாட்டில் நூற்றுக்கணக்கான கிராம் என்றால், அரை லிட்டர் பெட் பாட்டில் ஏறத்தாழ 20 கிராம்தான்.

கம்பெனிக்கு இது வரப்பிரசாதம். காலி பாட்டிலைத் திருப்பி எடுக்க வண்டி வேண்டாம், கழுவ மெஷின் வேண்டாம், காஸ்டிக் சோடா வேண்டாம், டெபாசிட் நோட்டு வேண்டாம். கடைக்காரருக்கும் சந்தோஷம். காலி பாட்டில் கேஸ்கள் கடையில் இடத்தை அடைக்காது, உடைந்ததற்குப் பணம் கட்ட வேண்டாம். வாங்குகிறவருக்கும் வசதி. கடை வாசலில் நின்று குடிக்க வேண்டாம், பஸ்ஸில் ஏறிக்கொண்டே குடிக்கலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டு பெட் பாட்டிலைத் திட்டுவது நேர்மையாகாது. எல்லோருக்கும் அதில் லாபம் இருந்தது.

எல்லோருக்கும் என்றால் ஒருவரைத் தவிர. கணக்குப் புத்தகத்தில் பாட்டில் 'சொத்து' பக்கத்திலிருந்து 'செலவு' பக்கத்துக்கு மாறிய நாளில், அது கம்பெனியின் பொறுப்பிலிருந்தும் வெளியே போய்விட்டது. விற்ற மறுநிமிடம் அது வாங்கியவருடையது. அவர் தூக்கி எறிந்தால் ஊராட்சியுடையது, அல்லது பேரூராட்சியுடையது. உத்திரமேரூர் போன்ற ஒரு சின்ன ஊரின் துப்புரவுப் பணியாளர் கையில் வந்து விழுகிறது. கழுவும் செலவு மிச்சமானது என்கிறோம். மிச்சமாகவில்லை, கை மாறியிருக்கிறது.

தண்ணீரும் இதே வழியில் போனது. 1965-ல் மும்பையில் பிஸ்லரி அறிமுகமானபோது அது கண்ணாடி பாட்டிலில் வந்தது. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 2000-களில் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டு முழுவதும் ஒரு ரூபாய் தண்ணீர் பாக்கெட். 2013 செப்டம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய அம்மா குடிநீர் பத்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் கொடுத்தது. ஏழைப் பயணிக்கு உதவிய திட்டம், ஆனால் அதுவும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான்.

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. பொவன்டோவுக்கும் உள்ளூர் கலர்களுக்கும் திடீர் மவுசு வந்தது. உள்ளூர்த் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் அந்த உள்ளூர் பானங்களும் அதற்குள் பெரும்பாலும் பெட் பாட்டிலுக்கு மாறியிருந்தன. பானம் ஊருக்குத் திரும்பியது, பாட்டில் திரும்பவில்லை.

அப்படியானால் கண்ணாடிதான் நல்லதா?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. கண்ணாடி செய்ய மணலைச் சுமார் 1,500 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் நிறையத் தேவை. எடையும் அதிகம் என்பதால் லாரிக்கு டீசலும் அதிகம். ஒரே ஒரு முறை உபயோகித்துவிட்டுக் குப்பையில் போட்டால், கண்ணாடி பாட்டில் பெட் பாட்டிலைவிட மோசமாகவே இருக்கும்.

இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது யார் தெரியுமா? கோக்க கோலாவே! 1969-ல் ஹாரி டீஸ்லி என்ற அதன் அதிகாரி, மிட்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார். மூலப்பொருள் எடுப்பதிலிருந்து குப்பையில் விழுவது வரை ஒவ்வொரு வகைப் பாட்டிலுக்கும் எவ்வளவு சக்தி, எவ்வளவு கழிவு என்று பார்த்தார்கள். இன்று வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று சொல்லப்படும் முறையின் தொடக்கமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை. அதே நிறுவனம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்புக்காக ஒன்பது வகைப் பான பாட்டில், டின்களை ஒப்பிட்டு 1974-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. பத்து முறை திரும்பி வரும் கண்ணாடி பாட்டில் நல்ல பெயர் வாங்கியது. ஒருமுறை உபயோகித்து எறியும் கண்ணாடிக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

மற்ற பேக்கேஜிங்கையும் இதே அளவுகோலில் பார்க்கலாம்.

அட்டை டப்பா: 1985-ல் ஃப்ரூட்டி இந்தியாவில் இதில் வந்தது. பார்த்தால் காகிதம். உண்மையில் காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அடுக்கு. பிரித்தெடுக்கத் தனித் தொழிற்சாலை வேண்டும். சின்ன ஊரில் இதை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அலுமினிய டின்: தாதுவிலிருந்து புதிதாகச் செய்ய மின்சாரம் ரொம்ப அதிகம். ஆனால் பழைய டின்னை உருக்கிச் செய்தால் அதில் இருபதில் ஒரு பங்கு சக்தி போதும். காயலான் கடையில் நல்ல விலையும் உண்டு.

பெட் பாட்டில்: இதற்கும் காயலான் கடையில் விலை உண்டு. பழைய பாட்டில் பொறுக்குகிறவர்கள் இதை விடுவதில்லை. உருக்கிப் பாலியஸ்டர் நூலாக்குகிறார்கள். ஆனால் மூடியும் லேபிளும் பெரும்பாலும் தெருவிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா: காயலான் கடைக்காரர் தொடமாட்டார். இவைதான் சாக்கடையை அடைப்பவை.

கண்ணாடியைத் திருப்பி உபயோகிப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. கழுவத் தண்ணீர் வேண்டும். பாலாறு பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

தூரமும் முக்கியம். 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம், கோலி சோடா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதாகப் பெருமையோடு அறிவித்தது. தொழிலுக்கு நல்ல செய்தி. ஆனால் கனமான கண்ணாடி கப்பலேறிப் போனால் நிரப்புவதற்குத் திரும்பி வரப்போவதில்லை. பக்கத்துத் தெருவில் சிக்கனமாக இருந்த அதே பாட்டில், கடல் தாண்டும்போது வெறும் பழைய ஞாபகத்துக்கான அலங்காரம் ஆகிவிடுகிறது.

சட்டங்களும் நீலகிரியும்

2018 ஜூன் 5-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபடி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பெட் பாட்டில் இல்லை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா உள்ளிட்ட பல பொருட்களுக்கு நாடு முழுவதும் தடை வந்ததும், அட்டை டப்பா ஜூஸ்களில் காகித ஸ்ட்ரா ஒட்டிக்கொண்டது.

இதைவிட முக்கியமானது 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள். பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் கம்பெனி, அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பாட்டில் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் இலக்கு வைத்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதி கொஞ்சம் தாமதமாக, பதினொரு நூற்றாண்டு கழித்து பாட்டிலுக்கும் வந்திருக்கிறது என்று சொல்லலாம்! ஆனால் இந்தக் கணக்கு எடைக் கணக்கு. ஒரு ஊரில் விழுந்த பாட்டிலுக்கு வேறு ஊரில் சேகரித்த பிளாஸ்டிக்கைக் காட்டிக் கணக்கை நேர் செய்துகொள்ள முடியும். பழைய சோடாக்காரரின் நோட்டில் அது நடக்காது. அவருக்கு அவருடைய பாட்டிலே திரும்பி வர வேண்டும்.

அந்தப் பழைய முறை இன்றைக்கும் வேலை செய்யுமா? நீலகிரி மாவட்டம் பதில் சொல்லிவிட்டது. காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிப்பதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விற்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டு வருகிறவர்கூட பத்து ரூபாய்க்காக பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவருகிறார் என்றால், ஜூஸ் குடிப்பவர் கொண்டுவரமாட்டாரா? வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-லேயே டெபாசிட் சட்டம் போட்டது. ஜெர்மனி 2003-ல் எறியும் பாட்டில்களுக்கும் டெபாசிட் வைத்தது.

இன்னொரு உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன்! அது பிளாஸ்டிக்தான். ஆனால் யாராவது அதை ஏரிக்கரையில் வீசுகிறார்களா? முதல் கேனுக்கு டெபாசிட், அதன் பிறகு காலி கேனைக் கொடுத்தால்தான் புது கேன். சோடா வண்டி போய்விட்டது என்று நினைக்கிறோம். கேன் வண்டியாக அது தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

முடிவுரை

ஆக, சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பாட்டில் எது என்று கேட்டால் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட முடியாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். காலியான பிறகு அது யாருடையது? நிரப்பும் இடத்துக்கும் குடிக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? திரும்பி வராமல் போனால் யார் பணம் நஷ்டமாகும்?

உத்திரமேரூரில் பனை ஓலைப் பட்டையில் குடிக்கும் பதநீருக்கு எந்தக் கேள்வியும் தேவையில்லை. பக்கத்து ஊரில் நிரப்பி அதே வண்டியில் காலியாகத் திரும்பும் கண்ணாடி பாட்டில் சோடா மூன்று கேள்விக்கும் நல்ல பதில் சொல்லும். வெளியூரிலிருந்து வரும் பானமாக இருந்தால், டெபாசிட் வைத்த பெட் பாட்டில் திரும்பி வராத கண்ணாடியைவிட மேல். இப்போதைக்கு டெபாசிட் இல்லாத இடத்தில், குறைந்தபட்சம் காயலான் கடையில் விலை போகும் பாட்டிலாகப் பார்த்து வாங்கலாம். காலியானதும் குப்பையோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கலாம்.

ஆனால் வாங்குகிறவரின் நல்ல மனதை மட்டும் நம்பி இந்தப் பிரச்சனை தீராது. கோலி சோடா காலத்தில் யாரும் பூமியைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. பாட்டில் வராவிட்டால் சோடாக்காரருக்கு நஷ்டம், அதனால் பாட்டில் வந்தது. இன்றைக்கு பாட்டில் வராவிட்டால் ஏரிக்கு நஷ்டம், பேரூராட்சிக்கு நஷ்டம், நிரப்பி அனுப்பியவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு அவர் பக்கம் போய்ச் சேரும் வரை, பாட்டில் எந்தப் பொருளில் செய்யப்பட்டாலும் கரையில்தான் கிடக்கும்.

கணக்குக் காட்டாதவரைக் குடத்தின் பக்கமே சேர்க்காத ஊர் அது. அந்த ஊரின் ஏரிக்கு அன்று ஒரு வாரியம் இருந்தது. இன்று கரையில் வந்து சேரும் பாட்டிலுக்கும் யாராவது கணக்குக் காட்டியாக வேண்டும்.